வட்டமிட்ட விமானமும் ஒரு தோல் வளையமும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுதபூஜை நாள். மேல்விஷாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டேனரியின் பழுது பார்க்கும் பட்டறைக்குப் பூஜைக்கு அழைத்திருந்தார்கள். பாலாற்றின் தென்கரையில் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரில் முதலாளிமார் பெரும்பாலும் இஸ்லாமியர். தொழிலாளர்களில் இந்துக்களும் உண்டு. ஆண்டுக்கொருமுறை இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் பகிர்ந்துகொள்வதில் இருவருக்கும் இடையே எந்தச் சங்கடமும் இருந்ததாக நான் கண்டதில்லை. தோலுக்கு மெருகும் அச்சும் ஏற்றுகிற பெரிய ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு அன்று மாலை சாத்தியிருந்தார்கள். அதற்கு எதிரே ஸ்டூலின் மேல் வைத்திருந்த கைப்பேசியில் செய்தித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் வானில் வட்டமடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். மாலை 5.40 மணி அளவில் கிளம்பியது. உள்ளே 140-க்கும் மேற்பட்ட பயணிகள். ஷார்ஜா என்ற பெயர் எங்கள் பகுதியில் வெறும் பெயர் அன்று. எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் அங்கே பிழைக்கப் போனவர் ஒருவர் இருப்பார். பட்டறையில் பேச்சு நின்றுபோயிற்று. பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் மட்டும், அரைகுறையாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போல, "ஆயில் எங்கேயோ லீக் ஆயிருக்கும் சார். பிரஷர் நிக்கலேன்னா எதுவும் நகராது" என்றார்.

அவர் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் அன்றிரவு தொலைக்காட்சியில் நான் கேட்ட அத்தனை விளக்கங்களிலும் அவர் சொன்னதே சரிக்கு மிக அருகில் இருந்தது. ஏன் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

*

மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின் ஒரு பகுதியை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னார். சிறிய உருளையில் ஒரு மனிதன் தரும் விசை பெரிய உருளையில் யானையைத் தூக்கும் விசையாக மாறும். கொள்கை எளியது. ஆயினும் அது இயந்திரமாக மாற ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகில் ஆயிற்று. காரணம் கசிவு. உருளைக்குள் ஏறி இறங்கும் தண்டைச் சுற்றி இடைவெளி இருந்தால் நீர் பீறிட்டு வெளியேறும். இடைவெளியே இல்லாதபடி இறுக்கினால் தண்டு நகராது.

இங்கிலாந்தில் பூட்டுகள் செய்து புகழ்பெற்ற ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பயன்படத்தக்கதாக ஆக்கியது ஒரு தோல் வளையம். அவரது பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை அது என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கிண்ணத்தின் விளிம்பு போல மடித்த தோல். அதன் மடிப்புக்குள் நீர் புகும்போது தோலின் உதடுகள் விரிந்து தண்டின் மேல் படியும். அழுத்தம் கூடக் கூடத் தோலும் இறுகும். அழுத்தம் இறங்கினால் தானே தளரும். கசியச் செய்யும் அதே விசையைக் கசிவைத் தடுக்கும் காவலாக மாற்றிய யோசனை. இருபதாம் நூற்றாண்டில் ரப்பரும் பிற செயற்கைப் பொருள்களும் அந்த இடத்துக்கு வரும்வரை, பதனிட்ட தோலே ஹைட்ராலிக் இயந்திரங்களின் அழுத்தத்தைத் தாங்கி நின்றது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுக் கப்பலேற்றிய நம் பாலாற்றங்கரைக்கு இச்செய்தி ஒரு சிறு பெருமையைத் தரலாம். எந்த ஊர்த் தோல் எந்த இயந்திரத்தில் போயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிரஸ்ஸில் தோலை அழுத்தும் தத்துவமே விமானத்தின் சிறகை அசைக்கிறது. ஆரம்ப கால விமானங்களில் விமானி பிடியை அசைத்தால் கம்பிவடங்கள் இழுபட்டுச் சிறகின் நுனிப்பலகைகள் நேரடியாக அசையும். விமானங்கள் பெருத்து வேகமும் கூடியபின், எதிர்க்காற்றின் விசையை வெல்ல மனிதக் கை போதவில்லை. கையின் கட்டளையை வாங்கிக்கொண்டு அழுத்தமேறிய எண்ணெய் வேலையைச் செய்தது. இன்றைய பயணிகள் விமானங்கள் பலவற்றில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. நம் கணக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 210 கிலோ.

திருச்சியிலிருந்து கிளம்பியது போயிங் 737-800 வகை. அதில் இரண்டு முதன்மை ஹைட்ராலிக் அமைப்புகளும், மாற்றாக மூன்றாவது ஒன்றும் உண்டு. விமானத்தைச் சாய்ப்பது, மூக்கை ஏற்றி இறக்குவது, சுக்கானைத் திருப்புவது ஆகிய மூன்றையும் முதன்மை அமைப்புகள் இரண்டுமே தாங்குகின்றன. ஒன்று போனால் மற்றது போதும். ஆனால் மற்ற வேலைகளைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சக்கரங்களை மடக்குவது ஒன்றின் பொறுப்பு. இறங்கும்போது சிறகின் பின்புறம் நீளும் மடல்களை நகர்த்துவது மற்றதன் பொறுப்பு. எண்ணெய் முழுவதும் போய்விட்டாலும், சாய்ப்பதற்கும் மூக்கை ஏற்றி இறக்குவதற்கும் பழைய கம்பிவடங்கள் இருக்கின்றன. விமானிகள் உடல் பலத்தால் இழுத்து ஓட்டலாம். சக்கரங்கள் இறங்காவிட்டால், விமானி அறையின் தரையில் ஒரு சிறு மூடியைத் திறந்து அதனுள் இருக்கும் மூன்று கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்தால் சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மனிதக் கை, அதற்கும் அப்பால் புவியீர்ப்பு. விபத்துகளை ஒவ்வொன்றாகக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் விடையாகக் கட்டிய அடுக்கு இது.

அப்படியானால் ஏன் அத்தனை நேரம் வட்டமடித்தார்கள்? அன்றிரவு கோடிக்கணக்கானோர் கேட்ட கேள்வி. தொலைக்காட்சிகள் அந்த வட்டத்தை ஒரு தவிப்பாகவே காட்டின. உண்மையில் அது வேலை. இவ்வகை விமானம் அதிகபட்சமாகச் சுமார் 79 டன் எடையோடு மேலெழலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்கு மேல் இருக்கலாகாது என்பது வரையறை. வளைகுடாவுக்கு நான்கு மணி நேரத்துக்கான எரிபொருள் உள்ளே இருக்கிறது. பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி 737-இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். தீப்பற்றுதல் போன்ற நெருக்கடி என்றால் கூடுதல் எடையோடும் இறங்கிவிடலாம். ஆனால் ஹைட்ராலிக் ஐயத்துக்குரியதாக இருக்கும்போது, எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும். பிரேக்கின் மேல் சுமையும் கூடும். திருச்சி ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர். பறப்பதற்கு இடையூறு இல்லாதபோது காத்திருந்து, எடையைக் குறைத்து, பகலின் பரபரப்பு அடங்கிய கையோடு இறங்குவதே அறிவுடைமை.

அதைத்தான் செய்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை வானில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றிவிட்டு, இரவு 8.15 மணி அளவில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையில் நின்றன. முதலமைச்சர் அதிகாரிகளோடு தொலைபேசியில் அவசர ஆலோசனை நடத்தினார். விமானிகள் தரப்பில் அவசரநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை என்று நிறுவனம் பின்னர் தெளிவுபடுத்தியது. கேப்டன் இக்ரோம் ரிஃபாட்லி ஃபஹ்மி ஜைனால், துணை விமானி மைத்ரேயி ஸ்ரீகிருஷ்ண ஷிதோலே ஆகிய பெயர்கள் மறுநாள் நாளிதழ்களில் வந்தன. பட்டறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மெக்கானிக் எழுந்து போய் பிரஸ்ஸின் முன் கற்பூரம் ஏற்றினார்.

*

இந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு இன்னொரு வளைகுடா விமானம் நினைவுக்கு வந்தது.

1978 ஜனவரி 1. புத்தாண்டு இரவு. பம்பாய் சாந்தாகுரூஸ் நிலையத்திலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் 855-ஆம் எண் விமானம் கிளம்பியது. 'சக்கரவர்த்தி அசோகர்' என்று பெயரிடப்பட்ட போயிங் 747. 1971-இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஜம்போ. சாளரங்களைச் சுற்றி ராஜஸ்தானத்து அரண்மனைப் பலகணிகளைத் தீட்டியிருந்த, அக்காலத்துப் பள்ளிச் சிறுவர்கள் படமாக வெட்டி ஒட்டிவைத்த விமானம். 190 பயணிகளும் 23 பணியாளர்களும் இருந்தனர். ஓடுபாதையை விட்டு எழுந்த 101-ஆம் விநாடியில் பாந்திரா கடற்கரைக்கு அப்பால் அரபிக் கடலில் தலைகீழாகப் பாய்ந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

முதலில் எல்லோரும் நினைத்தது வெடிகுண்டு. கடலிலிருந்து எடுத்த ஒலிப்பதிவு வேறு கதை சொன்னது. கரையைக் கடந்து விமானம் வலப்புறம் மெல்லத் திரும்பி, மீண்டும் நேரானது. கேப்டன் மதன்லால் குகரின் முன்னிருந்த செயற்கைத் தொடுவானக் கருவி மட்டும் நேராகவில்லை. விமானம் இன்னும் வலப்புறம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தமது கருவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் வியப்போடு சொல்கிறார். துணை விமானி தமது கருவியும் கவிழ்ந்துவிட்டது என்னும் பொருள்பட ஏதோ சொல்கிறார். அவர் கருவி சரியாகவே இயங்கியது என்றும், விமானம் உண்மையில் சாய்வதைத்தான் அது காட்டியது என்றும் பின்னர் கருதப்பட்டது. நடுவில் மூன்றாவதாக ஒரு மாற்றுக் கருவியும் இருந்தது. பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர், அந்தக் கருவியை நம்பாதீர்கள் என்று சொல்லும் குரலும் பதிவாகியிருக்கிறது. அதற்குள் இல்லாத வலச்சாய்வைச் சரிசெய்யும் எண்ணத்தில் கேப்டன் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போயிருந்தார். செங்குத்தையும் தாண்டி 108 பாகை சாய்ந்த விமானத்துக்குச் சுமார் 1,500 அடி உயரத்தில் மீள இடமில்லை.

கருவியைப் பார்க்காமல் உடலின் உணர்வை நம்பியிருக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். கூடாது. காதுக்குள் இருக்கும் சமநிலைப் புலன் மெதுவான சாய்வை அறியாது. சற்று நேரத்தில் சாய்வையே நேர் என்று எடுத்துக்கொள்ளும். நிலவற்ற கடலின் மேல் வானும் நீரும் ஒரே கருமை. இக்காரணத்தால்தான் செயற்கைத் தொடுவானம் என்ற கருவியே பிறந்தது. ஸ்பெர்ரி நிறுவனத்தின் சுழற்சிக் கருவிகளைக் கொண்டு, மூடிய அறைக்குள் அமர்ந்தபடி ஜிம்மி டூலிட்டில் 1929 செப்டம்பரில் ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அன்று முதல் விமானிக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம்: உன் உடலை நம்பாதே, கருவியை நம்பு. குகர் அந்தப் பாடத்தைக் கடைப்பிடித்தார். கருவி பொய் சொன்னது.

அசோகரின் சிறகுகளில் எந்தக் குறையும் இல்லை. அதன் நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளும் கேப்டனின் கைக்குக் கடைசி வரை கீழ்ப்படிந்தன. தவறான கட்டளைக்கும் அதே விசுவாசத்தோடு கீழ்ப்படிந்தன என்பதுதான் துயரம். திருச்சி விமானத்தில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே குறைபட்டது சக்தி. நிலையைச் சொல்லும் கருவிகள் உண்மை பேசின. எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நேரம் நம் பக்கம் வந்துவிடுகிறது. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் அவசரக் கையேட்டைத் திறந்து வரிவரியாகப் படிக்க முடிகிறது. 1978-இல் அந்த மூவருக்கும் கையேட்டைத் திறக்கும் அவகாசம்கூட வாய்க்கவில்லை.

*

வாய்த்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அக்காலத்தின் பழக்கத்தில் கேப்டனின் சொல்லே இறுதி. மற்றவர்கள் தயங்கித்தான் பேசுவார்கள். 1977 மார்ச்சில் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போக்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததும், அடுத்தடுத்து நேர்ந்த வேறு விபத்துகளும் இப்பழக்கத்தை ஆராயத் தூண்டின. 1979-இல் நாசா கூட்டிய பட்டறையில் விமானி அறையின் கூட்டுப்பொறுப்பு குறித்த பயிற்சிமுறை உருவாகத் தொடங்கியது. தவறைக் கண்டவர் பதவி பார்க்காமல் உரக்கச் சொல்ல வேண்டும். கேட்பவர் பதவி பார்க்காமல் கேட்க வேண்டும். கேட்பதற்கு எளிய இந்த விதியை ஏற்கவைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அதன் பயன் 1989 ஜூலை 19-இல் தெரிந்தது. அமெரிக்காவில் யுனைட்டெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால்பகுதி எஞ்சின் சிதறி மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. அப்படி நடக்கவே நடக்காது என்று கருதியதால் கையேட்டில் அதற்குப் பக்கமே இல்லை. கேப்டன் அல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்துகொண்டிருந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்ச்சை உள்ளே அழைத்துக்கொண்டார். ஃபிட்ச் தரையில் மண்டியிட்டு, இரண்டு எஞ்சின்களின் விசையை மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பினார். 44 நிமிடம். சூ சிட்டியில் விழுந்து உடைந்த விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 1985-இல் ஜப்பானில் ஹனேடாவிலிருந்து புறப்பட்ட பன்னிரண்டாம் நிமிடத்தில் நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளையும் இழந்து, 32 நிமிடம் போராடி, 520 உயிர்களோடு மலையில் மோதிய ஜம்போவைப் பற்றிப் படித்துவிட்டு, அந்நிலை தமக்கு வந்தால் என்ன செய்வது என்று பயிற்சிக்கூடத்தில் ஃபிட்ச் முன்னரே முயன்று பார்த்திருந்தார். முன்பின் அறியாத ஜப்பானிய விமானிகளின் அந்த 32 நிமிடம் அயோவாவில் 184 பேருக்கு உதவியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1991-இல் கொலராடோவில் 25 பேரோடும், 1994-இல் பிட்ஸ்பர்க் அருகே 132 பேரோடும் இரண்டு 737 விமானங்கள் தரையிறங்க வரும்போது திடீரெனப் புரண்டு விழுந்தன. முதல் விபத்துக்குக் காரணம் தெரியவில்லை என்றே அறிக்கை முடிந்தது. இரண்டாவதில், விமானி திகைத்துச் சுக்கானைத் தவறாக மிதித்திருக்கலாம் என்ற வாதமும் வலுவாக எழுந்தது. இறந்தவர் மறுத்துப் பேச வரமாட்டார். 1996-இல் மற்றொரு 737 அதே போலப் புரள முற்பட்டுத் தப்பியது. உயிரோடிருந்த விமானிகள் நடந்ததைச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் விடாமல் சோதித்தார்கள். குளிர்ந்திருக்கும் சுக்கான் வால்வுக்குள் சூடான எண்ணெய் திடீரெனப் பாய்ந்தால் அது இறுகிக்கொண்டு, மிதித்த திசைக்கு எதிர்த்திசையில் சுக்கானைத் திருப்பக்கூடும் என்று தெரிந்தது. 1999-இல் அறிக்கை வந்தது. அதன் பிறகு 737 விமானங்களின் சுக்கான் அமைப்பே மாற்றப்பட்டது.

குகரின் மீதான தீர்ப்பு மாறவில்லை. கருவியின் கோளாறும், அதைக் கண்டபின் அவர் நிலை தடுமாறியதும் காரணம் என்றே விசாரணை முடிந்தது. விமானத்தையும் கருவிகளையும் தயாரித்தவர்கள் மீதான குற்றச்சாட்டை அமெரிக்க நீதிமன்றம் 1985-இல் நிராகரித்தது. தீர்ப்பில் நான் தவறு காணவில்லை. ஆனால் '108 பாகை', '101 விநாடி' என்று நாற்காலியில் அமர்ந்து எழுதும்போது, அந்த இருட்டில் முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தது அரை நிமிடம்கூட இல்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன். திருச்சி விமானிகளை ஒரே இரவில் வீரர்களாக்கிய நாம், கால் சறுக்கியிருந்தால் அதே இரவில் குற்றவாளிகளாக்கியிருப்போம். அவர்கள் செய்தது வீரமும் அன்று, அதிசயமும் அன்று. முன்னே இறந்தவர்களிடமிருந்து கற்றுத் தொகுத்த ஒரு புத்தகத்தை, பதறாமல், வரி விடாமல் படித்தார்கள்.

பூஜை முடிந்து கிளம்பும்போது மெக்கானிக் ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் விட்டுப்போனது. உள்ளே எண்ணெய் ஊறிக் கறுத்த சில தோல் வாஷர்கள். "இப்ப எல்லாம் ரப்பர்தான் சார். இதை யாரும் போடறதில்லை. தூக்கிப் போட மனசு வரலை" என்றார். விளிம்பு தேய்ந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கே கசிந்திருக்கும் என்று தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். அதையும் சந்தனப் பொட்டு வைத்துத்தான் திரும்ப டப்பாவில் போட்டார்.